மதில்மேல் கத்தும் அந்த அணில்

நீங்கள் கேட்டவை இரண்டு. கண் திறக்காத அணில் குஞ்சுக்கு எந்தப் பால் கொடுப்பது? பிழைத்துவிட்டால் வீட்டிலேயே வளர்க்கலாமா? புதுக்கோட்டையில் உங்கள் வீட்டு முருங்கை மரம் முந்தாநாள் மாலைக் காற்றில் முறிந்து, கிளையோடு கூடும் விழுந்து, உள்ளே இரண்டு குஞ்சுகள் கிடந்தன. சர்க்கரை கலந்த பசும்பாலை இங்க் பில்லரால் கொடுத்தீர்கள். நேற்றுக் காலை ஒன்று இறந்துவிட்டது. மற்றது கீச்சிட்டுக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: நேற்று முழுவதும் மதில்மேல் ஓர் அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்ததாக. நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். நீங்கள் உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்தக் குட்டியைத் தாயிடம் திருப்பிச் சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நாளைக் காலையை நழுவவிடாதீர்கள்.

நான் கால்நடை மருத்துவர். 26 ஆண்டுகளாக ஊர்ப்புற மருந்தகங்களில் வேலை. கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மாடும் ஆடும் கோழியும் நாயும். அணிலுக்கென்று ஒரு பாடவேளைகூட இருந்ததில்லை. ஆனால் மருந்தக வாசலில் செருப்புப் பெட்டியோடு வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அப்படி வந்த பெட்டிகளிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன். தொடக்க ஆண்டுகளில் என் கையில் இறந்த குட்டிகள் பல. ஆகவே இங்கே சொல்வதில் சில உறுதியாகத் தெரிந்தவை, சில அனுபவத்தில் ஒத்துவந்தவை. எது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பழைய பயம். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது ஊர் முழுக்கச் சொல்லப்படுவது. அணிலைப் பொறுத்தவரை தவறு. நாம் எடுத்து, துடைத்து, துணியில் சுற்றி வைத்திருந்த குட்டிகளைத் தாய் அணில்கள் வந்து கவ்விக்கொண்டு போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பறவைக் குஞ்சுகளுக்கும் இதே பயத்தைச் சொல்வார்கள். அங்கும் தொட்டுவிட்ட ஒரே காரணத்துக்காகத் தாய் ஒதுக்கிவிடுவதில்லை. தாயை வரவிடாமல் செய்வது நம் வாசனை அல்ல, நம் கூட்டம். குட்டியைச் சுற்றி நான்கு பேர் குனிந்து நின்றுகொண்டு, ஒருவர் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, தெருநாய் ஒன்று வாசலில் நின்றுகொண்டிருந்தால் எந்தத் தாயும் இறங்கி வராது. மதில்மேல் கத்தியது தாய்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பூனையைக் கண்டாலும் அணில் அப்படித்தான் கத்தும். ஆனால் கூடு விழுந்த மறுநாள், அதே இடத்தில், நாள் முழுவதும் கத்தியது என்றால் தாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இப்போது இரவு. அணில் பகலில் மட்டுமே நடமாடும் உயிர், ஆகவே விடியும்வரை அது வரப்போவதில்லை. அதுவரை குட்டியை உயிரோடு வைத்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அதற்குப் பாலைவிட முக்கியமானது சூடு. இதைத்தான் நான் இளம் வயதில் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். ரோமம் முளைக்காத குட்டிக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாயின் வயிறும் உடன்பிறந்ததன் உடலும்தான் அதற்குப் போர்வை. உங்கள் குட்டிக்கு இப்போது இரண்டும் இல்லை. உடல் குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. அந்த நிலையில் புகட்டிய பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிப் புளிக்கும், வயிறு உப்பும், சில மணி நேரத்தில் குட்டி போய்விடும். பசியால் இறந்தது என்று நாம் நினைத்துக்கொள்வோம். உண்மையில் அது பசியாறியபின் இறந்திருக்கும்.

ஒரு குடிநீர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கித் துணி சுற்றி, ஒரு சிறு அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும். சூடு கூடினால் குட்டி நகர்ந்துபோக இடம் வேண்டும். நடுவில் பழைய வேட்டித் துணியைக் கசக்கிக் கூடுபோல் குழித்து அதில் குட்டியை வைத்து மேலேயும் ஒரு மடிப்பை மூடுங்கள். டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூல் வளையங்களில் குட்டியின் நகம் மாட்டிக்கொண்டு விரலே முறிந்த நிலையில் என்னிடம் வந்திருக்கின்றன. பஞ்சும் வேண்டாம், மூக்கிலும் வாயிலும் ஒட்டும். பாட்டில் ஆறிவிட்டால் அதுவே குட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து மாற்றுங்கள். பாட்டில் இல்லையென்றால் அரிசியை வாணலியில் வெதுப்பித் துணியில் முடிந்து, ஒத்தடம் கொடுக்கும் மூட்டைபோல் வைக்கலாம். குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் வெந்துபோன குட்டியைப் பார்த்தபின் நான் அதைச் சொல்வதையே விட்டுவிட்டேன். குட்டியின் வயிற்றில் உங்கள் விரலின் பின்பக்கத்தை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாகத் தெரிந்தால் சரி. சில்லென்று இருந்தால் ஒரு மணி நேரம் சூடு கொடுங்கள், வாயில் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

சூடு ஏறியபின் முதலில் கொடுக்க வேண்டியது நீர். தோள்பட்டைத் தோலை மெதுவாகக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படிந்துவிட்டால் நல்லது. கூடாரம்போல் நின்று மெல்ல இறங்கினால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் போட்ட அளவு நீரில் முழுவதுமாகக் கரைத்து வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். அட்டைப் பாக்கெட்டில் பழச்சுவையோடு வருபவை வேண்டாம். நள்ளிரவில் கடை இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி அளந்தது. குழந்தைகளுக்குச் சொல்லும் அதே அளவுதான். விடியும்வரை இரண்டு மூன்று முறை இதைச் சில சொட்டுகள் கொடுத்தால் போதும், நாளைக் காலை தாயிடம் போகப்போகிற குட்டிக்குப் பாலே தேவையில்லை.

இறந்த குட்டியைப் பற்றி நீங்கள் எழுதிய விதத்தில் குற்ற உணர்ச்சி தெரிந்தது. பசும்பால் அணில் குட்டிக்கு ஏற்றதல்ல என்பது உறுதி. அணில் இனத்தின் பாலில் கொழுப்பு பசும்பாலைப் போலப் பல மடங்கு. பசும்பாலிலோ கொழுப்பு குறைவு, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை அதிகம். மேலே சர்க்கரையும் சேரும்போது கழிச்சல் வரும். ஆனால் அந்தக் குட்டி பாலால்தான் இறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மரம் முறிந்து விழுந்த வேகத்தில் உள்ளுக்குள் அடிபட்டிருக்கலாம், இரவில் குளிர்ந்திருக்கலாம், புரையேறியிருக்கலாம். ஓர் இரவுக்குள் இறந்திருப்பதைப் பார்த்தால் குளிரின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அதை அறிய உங்களுக்கு வழி இருந்திருக்காது.

விடிந்தவுடன் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முருங்கை போனாலும் பக்கத்தில் மாமரமும் வேம்பும் நிற்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். விழுந்த கூடு இன்னும் கிடக்கிறதா என்று பாருங்கள். தேங்காய் நாரும் புல்லும் பஞ்சும் துணிநூலும் சேர்ந்த பந்துபோல் இருக்கும். அதையே ஒரு சிறு மூங்கில் கூடையிலோ பெரிய கொட்டாங்கச்சியிலோ வைத்துக் குட்டியை உள்ளே படுக்க வையுங்கள். அடியில் வெந்நீர் நிரப்பிய சின்ன பாட்டில் ஒன்று துணி சுற்றி இருக்கட்டும், குளிர்ந்த குட்டி கத்தாது, கத்தாத குட்டியைத் தாய் கண்டுபிடிக்காது. முருங்கை நின்ற இடத்துக்கு மிக அருகிலுள்ள மரத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, வெயில் படாத கவட்டையில் கூடையைக் கட்டுங்கள். குழி ஆழமாக இருக்கக் கூடாது. தாய் எட்டிப் பார்த்துக் கவ்வ வேண்டும்.

எறும்பு. இதை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் தாயிடம் சேர்க்கப் போய் நான் இழந்த குட்டிகளில் பாதி எறும்பால் போனவை. மாமரத்தில் முசுறு எறும்பு இருந்தால் அந்த மரமே வேண்டாம், வேம்புக்குப் போங்கள். குட்டியின் வாயில் பால் பிசுக்கோ சர்க்கரைப் பிசுக்கோ இருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு உடனே விலகிவிடுங்கள். மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குள் இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும். பூனை, நாய் எதுவும் வெளியே இருக்க வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மருந்தக வளாகத்துப் புளியமரத்தில், மின்கம்பிக்காகக் கிளை கழித்தபோது மூன்று குட்டிகள் விழுந்தன. கண் திறக்காதவை, முதுகில் மூன்று கோடுகள் தோலில் நிழல்போல் மட்டும் தெரிந்தன. மூவரி அணில் என்று பழந்தமிழில் இதற்குப் பெயர்; அந்த வரிகள் ரோமத்துக்கு முன்னாலேயே தோலில் வந்துவிடும் என்பதை அன்றுதான் கவனித்தேன். மருந்துப் பெட்டி ஒன்றில் அவற்றை வைத்துக் கவட்டையில் கட்டிவிட்டு நானும் உதவியாளரும் தடுப்பூசி அறை ஜன்னலில் நின்றோம். ஏழு மணிக்கு வைத்தோம். எட்டரைவரை ஒன்றும் இல்லை. பிறகு தாய் தலைகீழாக இறங்கி வந்து, பெட்டியைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, வாலை வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தது. உள்ளே ஒரு குட்டி கீச்சிட்டதும் சட்டென்று தலையை நுழைத்து, குட்டியைப் புரட்டி, வயிற்றுத் தோலைப் பல்லில் கவ்வியது. அந்தக் குட்டி தானாகவே சுருண்டு, கால்களாலும் வாலாலும் தாயின் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. தூரத்திலிருந்து பார்க்க, தாய்க்குத் தாடி முளைத்ததுபோல் இருந்தது. அப்படியே மரமேறிக் கூரையோட்டுக்குத் தாவி மறைந்தது. இருபது நிமிடம் கழித்து இரண்டாவதற்கு வந்தது, பிறகு மூன்றாவதற்கு. மூன்றையும் கொண்டுபோனபின் இன்னொரு முறை வந்து காலிப் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தது. பெண் அணில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கூடு வைத்திருக்கும், ஆகவே கூடு போனாலும் கொண்டுபோக அதற்கு இடம் இருக்கும்.

எத்தனை நாள்வரை தாய் தேடும் என்பதற்குத் திட்டமான விடை கிடையாது. நான் பார்த்ததில் மூன்றாம் நாள் காலையில்கூட ஒரு தாய் வந்து எடுத்திருக்கிறது. வராமலே போனதும் உண்டு. நாளைக் காலை ஆறரை மணிக்கு வைத்தால் மூன்று நான்கு மணி நேரம் விட்டுப் பாருங்கள், இடையில் ஒருமுறை உள்ளே எடுத்துச் சூட்டை மாற்றி ஓ.ஆர்.எஸ். கொடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். உச்சி வெயிலில் வேண்டாம். மாலை நான்கிலிருந்து ஐந்தரைவரை இன்னொரு முறை. பொழுது சாயும்போது உள்ளே எடுத்துவிடுங்கள், இரவில் வெளியே விட்டால் மரநாய்க்கோ ஆந்தைக்கோ போய்விடும்.

தாயிடம் வைக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. பூனை கவ்விய குட்டி. உடலில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்றே ஒன்று தெரிந்தாலும், ஏன், ஓட்டையே தெரியாமல் பூனை வாயில் இருந்தது மட்டும் தெரிந்தாலும், அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வேண்டும். பூனையின் எச்சிலில் இருக்கும் பாக்டீரியா ஓரிரு நாளில் இரத்தத்தில் பரவிக் கொன்றுவிடும். அளவை மருத்துவர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். இருபது கிராம் உயிருக்கு மனிதக் குழந்தையின் மருந்தைக் குத்துமதிப்பாகக் கொடுப்பது விஷம் கொடுப்பதற்குச் சமம். அதுபோலவே காது மடலிலும் மூக்கோரத்திலும் கவட்டிலும் ஈ முட்டை இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நொய் அரிசிபோல் வெள்ளையாக ஒட்டியிருக்கும். பழைய பல்துலக்கியால் மெல்ல நீவி எடுத்துவிடலாம், விட்டுவைத்தால் மறுநாளே புழு.

இனி, தாய் வரவே இல்லை என்றால். இங்கிருந்து உறுதி குறைந்து அனுபவம் கூடுகிறது. எந்தப் பால் சிறந்தது என்பதில் குட்டிகளை வளர்த்தவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் நாய்க்குட்டிப் பால்மாவையே நான் முதலில் சொல்வேன், அதில் கொழுப்பும் புரதமும் அணில் குட்டிக்குச் சற்று நெருக்கமாக இருக்கின்றன. அது கிடைக்காத ஊர்களில் காய்ச்சி ஆறவைத்த வெள்ளாட்டுப் பாலைக் கொடுத்து வளர்த்திருக்கிறோம். ஆட்டுப்பாலில் லாக்டோஸே இல்லை என்று சிலர் சொல்வது சரியல்ல. பசும்பாலைவிடச் சற்றுத்தான் குறைவு. ஆனாலும் குட்டிகளுக்கு அது ஒத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். எதுவானாலும் முதல் நாள் பாதிக்குப் பாதி ஓ.ஆர்.எஸ். நீரோடு கலந்து தொடங்கி, இரண்டு மூன்று நாளில் மெல்லக் கெட்டியாக்குங்கள். கழிச்சல் கண்டால் பாலை நிறுத்தி மறுபடி நீருக்குத் திரும்புங்கள். தேன், பசு நெய், பிஸ்கட் கரைசல், பருப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

பாலைவிடப் பெரிய விஷயம் புகட்டும் முறை. நம் வீட்டுக் குழந்தைகளை மடியில் மல்லாக்கப் போட்டுச் சங்கில் புகட்டிப் பழகிய கைகள் நம்முடையவை. அணில் குட்டியை ஒருபோதும் மல்லாக்கப் போடக் கூடாது. நான்கு காலும் உங்கள் உள்ளங்கையில் ஊன்றி, தலை சற்றே உயர்ந்து, தாயின் வயிற்றைப் பற்றிக் குடிப்பதுபோல் இருக்க வேண்டும். இங்க் பில்லரை விட்டுவிடுங்கள். அதை அழுத்தினால் எத்தனை சொட்டு வரும் என்று நம் கைக்கே தெரியாது. ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சு வாங்குங்கள். உதட்டோரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், அது நக்கி விழுங்கட்டும், பிறகு அடுத்த சொட்டு. மூக்கில் பால் குமிழி வந்தால் புரையேறிவிட்டது என்று பொருள்: உடனே தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, மூக்கைத் துடைத்து, மூச்சு சீராகும்வரை நிறுத்துங்கள். நுரையீரலுக்குள் போன பால் இரண்டு நாளில் நிமோனியாவாகத் திரும்பி வரும். குட்டியைக் காதருகே பிடித்தால் மூச்சில் க்ளிக் க்ளிக் என்று கேட்கும். அந்த ஒலி கேட்டால் வீட்டு வைத்தியம் போதாது.

எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் எடை போடுங்கள். உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு ஒரு வேளைக்கு. 20 கிராம் குட்டிக்கு 1 மில்லி. கண் திறக்காததற்குப் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவில் இரண்டு முறை. கண் திறந்தபின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. கேட்கிறதே என்று கூடுதலாகக் கொடுக்காதீர்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை எழுதிவையுங்கள். ஏறாமல் இரண்டு நாள் நின்றால் ஏதோ கோளாறு என்று தராசுதான் முதலில் சொல்லும். ஒவ்வொரு முறை புகட்டிய பிறகும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் பின்புறத்தைத் தாய் நக்குவதுபோல் மெல்ல வருடிவிட வேண்டும். இந்த வயதுக் குட்டி தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்காது. இதைச் செய்யாமல் நீர்ப்பை வீங்கி இறந்த குட்டியை, நன்றாகத்தான் பால் குடித்தது என்று அழுதுகொண்டே கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வயதை இப்படிக் கணக்கிடலாம். ரோமமே இல்லாமல் ரோஜா நிறமாக இருந்தால் ஒரு வாரத்துக்குள். முதுகில் மென்மயிர் அரும்பியிருந்தால் இரண்டாவது வாரம். கண் திறப்பது ஏறத்தாழ மூன்று வாரத்தில், ஓரிரு நாள் முன்பின்னாக. பால் மறப்பது பத்தாவது வார அளவில். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது பத்து நாள் குட்டியாக இருக்கலாம். படம் இருந்தால் இன்னும் சரியாகச் சொல்வேன். இந்த வயதில் வந்தவற்றில், எவ்வளவு கவனமாகப் பார்த்தும், என் கையில் பாதிகூடத் தேறியதில்லை. அதைச் சொல்லாமல் விடுவது உங்களுக்கு நான் செய்யும் நியாயமாகாது.

வளர்க்கலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு என் பதில், கூடாது. நான்காண்டுக்கு முன் ஒரு பள்ளி மாணவி, தன் அணில் ஒரு வாரமாகத் தாவுவதில்லை என்று சொல்லிக் கொண்டுவந்தாள். சீருடைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் விட்டாள். முன்கால்களால் இழுத்து இழுத்து அவள் கையை நோக்கி வந்தது, பின்கால்கள் இரண்டும் துணிபோல் பின்னால் தேய்ந்துகொண்டு வந்தன. எக்ஸ்ரேயில் எலும்புகள் சதையின் நிறத்திலேயே மங்கலாகத் தெரிந்தன. வேர்க்கடலை, பிஸ்கட், பால்சோறு, இவைதான் ஆறு மாதமாக அதன் உணவு, வெயிலே படவில்லை. வேர்க்கடலையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டுவிடும். அன்பில் அந்தப் பெண் ஒரு குறையும் வைக்கவில்லை. கால்சியம் மருந்து, காலை வெயில், முருங்கைக்கீரை, முளைகட்டிய பயறு என்று மாற்றியதில் அது மறுபடி நடந்தது. ஆனால் மரமேறவில்லை. அவள் வீட்டில் இரண்டாண்டு இருந்து இறந்தது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம், தன் அட்டவணைகளில் உள்ள காட்டுயிர் ஒன்று எவர் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ தெரிவிக்கச் சொல்கிறது. அந்த அட்டவணைகள் 2022 திருத்தத்தில் மாறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. எந்த அணில் எந்த அட்டவணையில் என்று வாதிடுவதைவிட, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது உங்களுக்கும் பாதுகாப்பு, குட்டிக்கும் பாதுகாப்பு. மருத்துவ உதவிக்கு உங்கள் ஊரிலிருந்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டாத தூரம் அல்ல. சென்னையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1959-இல் தொடங்கிய கிண்டி புளூ கிராஸும் இருக்கின்றன. போகும்முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா மருத்துவரும் அணில் பார்ப்பதில்லை, அதை அவர்கள் வெளிப்படையாகச் சொன்னால் கோபிக்க வேண்டாம்.

குட்டி தேறிக் கண் திறந்துவிட்டால் கொஞ்சுவதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அதன் கண்ணில்கூடப் படக் கூடாது. பூனையைக் கண்டு ஓடத் தெரியாத அணில் வெளியே போன அன்றே செத்துப்போகும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில், மழைக்காலமாக இல்லாதபோது, வலைக்கூண்டோடு மரத்தடியில் பத்து நாள் வைத்துப் பழக்கி, பிறகு ஒரு காலையில் கதவைத் திறந்துவிடுங்கள். சில வாரம் அதே இடத்தில் தீனி வைத்துக்கொண்டிருந்தால் வந்து போகும், பிறகு வருவது குறையும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். அணில் கடித்து வெறிநோய் வருவது மிகமிக அரிது, ஆனால் டெட்டனஸ் ஊசி தேவையா என்று அவர் பார்க்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது வழி. இன்றிரவு பாட்டிலை மாற்ற அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குக் கூடையை வேம்பில் கட்டிவிட்டு, ஜன்னலுக்குப் பின்னால் நின்று, என்ன நடந்தது என்று எழுதுங்கள். வரவில்லையென்றால் குட்டியின் எடையைக் கிராமில் எழுதுங்கள், அடுத்த வேளை எத்தனை சொட்டு என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.